பழிவாங்கப் படித்த இத்தாலியன்

இத்தாலிய மொழியில் நான் முதலில் மனப்பாடம் செய்த வாக்கியம் வணக்கமோ நன்றியோ இல்லை. 'மே லா பாகி.' அகராதியை வைத்துக்கொண்டு பார்த்தால் 'இதற்கு நீ எனக்கு விலை கொடுப்பாய்' என்று வரும். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் அதையே 'வெச்சிக்கிறேன் உன்ன' என்பார்கள். யாரிடம் சொல்வதற்காக அதைப் படித்தேன் என்பதில் எனக்குத் துளியும் குழப்பம் கிடையாது. எர்ணாவூர் பக்கம் நான் வேலை பார்க்கும் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் உற்பத்தி மேலாளராக இருந்தவரிடம். மரியாதைக்காக 'இருந்தவர்' என்று எழுதுகிறேன். எனக்குள் பேசிக்கொள்ளும்போது வேறு மாதிரி.

எங்கள் கம்பெனி கணவாய் மீனைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, இத்தாலிக்கு அனுப்புகிறது. அம்மா அங்கே தோல் உரிக்கும் மேசையில் பதினோரு வருடம் நின்றவள். அந்த மேசைக்கு அவள்தான் தலைவி மாதிரி. மைப்பை உடையாமல் ஒரே இழுப்பில் கணவாயின் குடலை எடுப்பதில் அவளுக்குப் போட்டி இல்லை. நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, அம்மாதான் முதலாளியிடம் பேசி என்னை ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டாள். அவள் மேசையில், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

போன வருடம் ஒரு சரக்கு பற்றிப் புகார் வந்தது. கணவாயை உருக வைத்தால் தண்ணீராய் ஒழுகுகிறது, சதை நனைந்த பஞ்சு மாதிரி இருக்கிறது என்று. அதை நேரில் பார்க்க இத்தாலியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார்.

காரணம் கம்பெனியில் பலருக்குத் தெரியும். பின்கட்டில், ஐஸ் உடைக்கும் இடத்துக்கு அப்பால், தார்ப்பாய் போட்டு மூடிய நீலத் தொட்டிகள் இருந்தன. உரித்த கணவாயை அதில் உப்பும் பவுடரும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் எடை ஏறும், நிறம் வெளுக்கும். மேலாளரின் உத்தரவு அது. முதலாளி அந்தப் பக்கம் போகவே மாட்டார். போனால் தெரிந்துவிடும் என்பதால் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பரிசோதகர் வருகிற அன்றைக்குக் காலையில் மேலாளர் மேசைப் பெண்களைக் கூட்டி வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். வெளிநாட்டுக்காரர் எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்ட வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. இது புதிதல்ல, யார் வந்து பார்த்தாலும் எங்கள் கம்பெனியில் அதுதான் முறை. பெரிய மனிதர் கேட்டால் தலையாட்டுவது எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஒன்றும்கூட.

பரிசோதகர் மேசைக்கு வந்தார். மேசை ஓரத்தில் உரித்த மீனை அலசுவதற்காக ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, இதில் ரொம்ப நேரம் போட்டு வைப்பீர்களா என்று கையால் கேட்டார். அம்மா சிரித்தாள். தலையாட்டினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். மேலாளர் உடனே ஆங்கிலத்தில், "பார்த்தீர்களா, வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரிலேயே போட்டுவிடுகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை" என்றார். பரிசோதகர் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது பெண்களைப் பார்த்து 'புவோன் லவோரோ' என்று சொன்னார். மேலாளர் அதைத் தமிழில் சொன்னார்: "இனிமேலாவது வேலையை ஒழுங்கா செய்யணுமாம்."

மறுநாள், மேசைக்குத் தலைவி என்று அம்மாவை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு முந்தின நாளே மேசையிலிருந்த அக்கா ஒருத்தி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நேராக மேலாளர் அறைக்குப் போனேன். ஊற வைத்தது பின்கட்டில், பழி மட்டும் எங்கள் அம்மாவுக்கா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்க. அவர் என்ன கேட்டாரு, இவங்க என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா? இத்தாலியன் தெரியுமா உனக்கு?"

"தெர்யாது சார்."

"மொதல்ல தமிழை ஒழுங்கா பேசு. அப்புறம் மத்த பாஷைக்கு வரலாம்."

அறைக்கு வெளியே இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வேலையை விட்டுவிடுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் விடவில்லை. விட்டால் அவரைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாதே.

அம்மா வீட்டில் இருந்தாள். அதுதான் பெரிய கொடுமை. தண்டையார்பேட்டை மீன் சந்தையில் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தாள், ஒத்துவரவில்லை. வேலை போனதைவிட இன்னொன்று அவளை அரித்தது. மேசையில் நின்ற பெண்கள் எல்லாம் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள். 'அவளாலதான் சரக்கே கெட்டுப்போச்சாம்' என்ற பேச்சு குழாயடி வரைக்கும் வந்துவிட்டது. "பதினோரு வருசத்துல ஒரு மீனு நான் கெட வெச்சதில்ல. தலைய ஆட்னதுக்கு இந்தப் பேரா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளுக்கு அந்த மேசை திரும்ப வேண்டும், அந்தப் பேர் அழிய வேண்டும். எனக்கு இந்த இரண்டும் வேண்டும், அதற்கு மேல் இன்னொன்றும் வேண்டும்.

படிக்க நேரம் எங்கே என்று கேட்காதீர்கள். எண்ணூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நேரம் மட்டும்தான் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பஸ் அப்படியே நின்றுவிடும். எல்லாரும் லாரிக்காரனைத் திட்டுவார்கள். நான் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வேன்.

போனில் இருந்த பாட ஆப்கள் 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' என்று உயிரை வாங்கின. எனக்கு ஆப்பிள் வேண்டாம், மனிதர்கள் பேசுவது வேண்டும். ஒரு இத்தாலியப் பெண்மணியின் சமையல் வீடியோக்கள் கிடைத்தன. அவர் அடுப்படியில், கணவர் கேமராவுக்குப் பின்னால். சமையல் பாதி, சண்டை பாதி. சண்டையிலிருந்துதான் நான் இத்தாலியன் கற்றேன்.

'மகாரி' என்றால் அகராதி 'ஒருவேளை' என்கிறது. அது பொய். இந்த வருடம் மலைக்குப் போகலாமா என்று கணவர் கேட்க, அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு 'மகாரி' என்றார். 'நடந்தா நல்லாத்தான் கீது, எங்க நடக்கப் போவுது' என்று எங்கள் வீட்டில் சொல்வோமே, அது. உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் கணவர் தோளைக் குலுக்கி 'போ' என்பார். நம்மை விரட்டுவதாக நினைக்க வேண்டாம். 'இன்னா தெர்ல' என்கிற அர்த்தம். 'நொன் வேதோ லோரா' என்றால் 'அந்த மணியை நான் பார்க்கவில்லை'. மகள் ஊரிலிருந்து வரப்போகிறாள் என்று சொல்லி முடித்து அந்த அம்மாள் அதைச் சொன்னபோதுதான் விளங்கிற்று, 'எப்படா வரும் எப்படா வரும்னு கீது' என்று. நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் காத்திருந்தது மகளுக்காக அல்ல.

பாடமாகப் படித்தால் சொல் தெரியும். யார், யாரிடம், எந்த முகத்தோடு சொன்னார்கள் என்று பார்த்தால்தான் சொன்னது தெரியும். இதை நான் ஏதோ ஞானம் மாதிரி அடையவில்லை. 'புவோன் லவோரோ' என்னும் இரண்டு சொல் எனக்குள் மூட்டிய கோபத்தில் கண்டுபிடித்தேன். ஒரு வீடியோவில் குழாய் ரிப்பேர்க்காரர் வேலையில் இருக்கிறார். அந்த அம்மாள் கடைக்குக் கிளம்பும்போது அவரைப் பார்த்துச் சிரித்தபடி அதைச் சொன்னார். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதில் கண்டிப்பே இல்லை. வேலையில் இருப்பவரை விட்டுப் பிரியும்போது, உங்கள் வேலை நல்லபடியாகப் போகட்டும் என்று வாழ்த்துவது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தினசரி வழக்கம். அன்றைக்குப் பரிசோதகர் எங்கள் பெண்களை வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார். அதை இந்த ஆள் வசவாக்கிக் கொடுத்திருக்கிறார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்தினேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு நாள், பஸ் எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டிருக்க, வீடியோவில் அந்தக் கணவரின் அம்மா வந்திருந்தார். சிசிலித் தீவுக்காரர். குழம்பு போதுமா என்று மருமகள் கேட்டார். அவர் வாயைத் திறக்கவில்லை. முகவாயைச் சற்று மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம். போதாது என்று அர்த்தம். நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். காசிமேட்டில் மீன் ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்டால் எங்கள் பெண்கள் செய்வது அச்சு அசல் இதேதான். 'ச்சு.' அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

எங்கள் பரிசோதகர் முதல் தடவை ஆய்வகத்தில் டீ குடிக்கும்போது தன் ஊர் சிசிலி என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அது எனக்கு வெறும் ஊர்ப் பெயர்.

ஐந்து மாதம் கழித்து அவர் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. அடுத்த சரக்கும் அதே மாதிரி ஒழுகியிருக்கிறது. அம்மாவை அனுப்பியும் ஒழுகியிருக்கிறது. அந்தச் செய்தியை மேலாளர் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பொங்கலுக்குக்கூட வந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது மேசைப் பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை தலையாட்ட வேண்டாம், தொட்டியைக் காட்டிக் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். யாரும் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்கம்மா கதி எங்குளுக்கும் வர்றதுக்கா? வேல போனா நீ சோறு போடுவியாடி?" என்றாள் மூத்த அக்கா.

"வாயத் தொறக்கவே வேணாம்க்கா. மூஞ்சத் தூக்கி ச்சுன்னு சொன்னா போதும். அவுரு ஊர்லயும் அதுக்கு இல்லன்னுதான் அர்த்தம். நீ பேசுனன்னு எவனும் சொல்ல முடியாது."

அவள் கொஞ்ச நேரம் மென்றாள். "அதையா அஞ்சு மாசம் பட்ச்ச? என் மாமியாருக்கு டெய்லி அதத்தான் பண்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். செய்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பரிசோதகர் வந்தார். மேலாளர் புதுச் சட்டையில், 'பெனே பெனே', அதாவது நல்லது நல்லது, என்று தனக்குத் தெரிந்த சொல்லை எல்லா இடத்திலும் தெளித்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் மாதிரி எடுக்கும் தட்டோடு மேசையருகே நின்றேன். பரிசோதகர் அதே தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அதே மாதிரி கடிகாரத்தைக் காட்டினார். மேலாளர் தலையாட்டுங்கள் என்று கண்ணால் சைகை செய்தார்.

மூத்த அக்கா கையிலிருந்த கணவாயைக் கீழே வைத்தாள். முகவாயைத் தூக்கினாள். "ச்சு."

அடுத்தவள், "ச்சு." மேசை முழுக்க ஒருவர் பின் ஒருவராக.

பரிசோதகர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தானும் முகவாயைத் தூக்கி, நாக்கைத் தட்டி, புருவத்தால் கேட்டார். அக்கா மறுபடி தூக்கினாள். இரண்டு பேரும் நிறைய நாள் பழகியவர்கள் மாதிரி இருந்தார்கள். மேலாளர் சிரித்து, இவர்களுக்குப் புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போதுதான் நான் பேசினேன். ஐந்து மாதம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் பாதி பறந்துவிட்டன. இறந்தகாலம் வாயில் வரவே இல்லை. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் கொட்டினேன். போன தடவை தலையாட்டுகிற பெண் என் அம்மா. இப்போது அவளுக்கு வேலை இல்லை. அது ஆமாம் இல்லை. இங்கே விருந்தாளி கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுகிறோம். தண்ணீரில் போடுவது இங்கே இல்லை. பின்னால். நீல நிறம்.

"இவ என்ன உளர்றா?" என்று மேலாளர் கேட்டார். பரிசோதகர் அவர் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தி 'அஸ்பெத்தா' என்றார். பொறு என்று அர்த்தம். எனக்கு அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

பின்கட்டுக்கு நடந்தோம். தார்ப்பாயைத் தூக்கியவர் பரிசோதகரே. தொட்டி நிறையக் கணவாய், வெள்ளைவெளேர் என்று மிதந்தது. ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினார். துணி பிழிந்த மாதிரி தண்ணீர் வந்தது. இது சும்மா குளிர வைப்பதற்காக, அரை மணி நேரம்தான் என்று மேலாளர் விளக்க ஆரம்பித்தார். பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்த்து 'ஃபிகூராத்தி' என்றார். நன்றி சொல்கிறவரிடம் 'அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று பணிவாகச் சொல்லும் சொல் அது. மேலாளருக்கு அந்த ஒரு அர்த்தம் தெரிந்திருந்தது. முகம் மலர்ந்து தலை குனிந்தார். ஆனால் அந்த முகத்தோடு, அந்த நீட்டலோடு சொன்னால், 'ஆமா, நீ சொன்ன, நான் நம்பிட்டேன்' என்று பொருள். சமையல்கார அம்மாள் கணவரிடம் நூறு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் திருத்தவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன்.

முதலாளி அறையில் பரிசோதகர் அதிகம் பேசவில்லை. பேசியதும் இத்தாலியனில், நான்தான் தமிழில் சொன்னேன். தொட்டிகள் போக வேண்டும். தான் அடுத்து வரும்போது என் அம்மா மேசையில் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து 'மி ரக்கொமாந்தோ' என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

"சிபாரிசு பண்றாரா?" என்றார் முதலாளி.

இல்லை என்றேன். கட்டாயம் செய், மறந்துவிடாதே என்று அழுத்திச் சொல்வது அது என்றேன்.

"வேற என்ன சொன்னாரு?"

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. பரிசோதகர் வேறு எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "அந்த அம்மாவ யாரு அனுப்புனாங்களோ, அவுங்களே அவுங்க வூட்டுக்குப் போயி, எல்லார் முன்னாடியும் நடந்தத சொல்லிக் கூப்டணுமாம். அப்பத்தான் அடுத்த ஆர்டராம்."

மேலாளர் வாயைத் திறந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லத்தான். சொல்வதற்கு அவரிடம் மொழி இல்லை. மூடிக்கொண்டார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில், போக வேண்டியவர் யார் என்பது முடிவாகிவிட்டது. அம்மாவைத் தலையாட்ட வைத்து அவர் ஒரு பொய்யை நுழைத்தார். நான் இத்தாலியன் பேசி ஒன்றை நுழைத்தேன். வருத்தம் இருக்கிறதா என்றால், ச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து மேலாளரை வரச் சொன்னேன். வேறு நேரம் அம்மா வீட்டில் இருக்க மாட்டாள் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். தெருவே குடத்தோடு நின்றது. பைக்கை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், பளபளக்கும் ஷூவோடு சேற்றில் கால் வைத்து அவர் வந்தார். அம்மா குழாய்க்குக் கீழே குடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். குடம் நிறைகிற வரை திரும்பவில்லை. அடுத்த குடத்தை வைத்தாள். அதுவும் நிறைந்தது. நான்கு குடம் நிறையும் வரை அவர் நின்றார்.

"இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகீற?" என்றாள் கடைசியில், முந்தானையில் கையைத் துடைத்தபடி.

நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார் அவர். முதலாளி சொன்னார் என்றார்.

"வேல கெடக்கட்டும். மீன தண்ணியில ஊறப் போட்டு கெட வெச்சது நான்னு சொன்னியே. இந்தத் தெருவே அத்த பேசிக்கினு கீது. யாரு போட்டது?"

அவர் லாரியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை அது. அந்தப் பார்வைக்காகத்தான் ஐந்து மாதம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். நன்றாக வாங்கிக்கொண்டேன். திருப்பி எதுவும் கொடுக்கவில்லை.

"நான்தாம்மா போடச் சொன்னேன். உங்க மேல தப்பில்ல" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"சத்தமா சொல்லு சார். லாரி சத்தத்துல பின்னாடி கீறவங்குளுக்கு கேக்கல" என்றேன்.

சொன்னார். இந்த முறை தெருக்கோடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா போதும் என்று என் கையைத் தொட்டாள். அவளுக்குப் போதும்.

நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.